தண்ணி வார்க்க ஒரு தரை

மரத் தரையைக் கண்ணால் பார்க்கிறவன் அரைவாசித் தொழிலாளி. லதீஸ் குதிகாலால் பார்ப்பவன். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, காலுறையோடு பாத்ரூமுக்குள் போய், மூலைக்கு மூலை நின்று குதிகாலால் ஒரு குத்துக் குத்துவான். நல்ல மரம் என்றால் அந்தக் குத்து திரும்பிக் காலுக்கே வரும். கெட்ட மரம் அதை வாங்கி விழுங்கிவிடும். பதினொரு வருடமாகச் சிட்னியின் பழைய வீடுகளில் இப்படிக் குத்தித் திரிந்ததில் அவனுடைய குதிகால் ஒரு நாளும் ஏமாந்ததில்லை.

நார்த்மீட்டில் தேவராஜாவின் வீட்டில், அந்த ஜூலை மாதத் திங்கட்கிழமைக் காலையில், குத்து திரும்பி வரவில்லை.

லதீஸுக்கு வயது முப்பத்தெட்டு. 2012இல் படகில் வந்து, வில்லாவுட் தடுப்பு முகாமில் ஏழு மாதம் இருந்து, பிறகு தற்காலிக விசாவோடு வெளியே வந்தவன். அந்தத் தற்காலிகம் இன்றைக்கும் முடியவில்லை. புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. ஹோம்புஷில் ஒரு அறை, ஒரு மின்சார அடுப்பு, ஞாயிற்றுக்கிழமையில் உடுப்புத் தோய்த்தல். குடும்பம் என்று கேட்டால் அவ்வளவுதான். முகாமில் எவரோ சொன்ன ஒரு புத்தியை அவன் வேதமாக வைத்திருந்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், மற்றதற்கு வாயைத் திறக்காதே. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள் மற்றவர்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பதுதான் லதீஸின் பழமொழி. அதையும் யாராவது கேட்டால்தான் சொல்வான்.

தேவராஜாவின் மகள் வினுஷா பெரிய பிள்ளையாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. சடங்கை அந்தச் சனிக்கிழமைக்கு வைத்திருந்தார்கள். தாயின் தம்பி அனோஜன் லண்டனிலிருந்து வருகிறார். அவருடைய லீவுக்கு ஏற்றபடி நாள் பார்த்து, மண்டபம் பிடித்து, ஐந்நூறு பேருக்குக் கார்டும் கொடுத்தாயிற்று. மண்டபத்துக்குப் போக முன்னர், காலையில் வீட்டில் தாய்மாமன் தேங்காய் உடைத்து, பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்துத் தண்ணி வார்க்க வேண்டும். கோடையென்றால் பின்வளவில் வைத்திருக்கலாம். ஜூலைக் குளிரில் நனைந்த சீலையோடு பிள்ளையை வெளியே நிறுத்த எந்தத் தாய்க்கு மனம் வரும்? பாத்ரூமில்தான் என்று தாய் யோகா முடிவெடுத்தாள். பழைய பாத்ரூமோ வீடியோவில் காட்டக்கூடிய நிலையில் இல்லை. ஆகவே குளியல் தொட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, பத்துப் பேர் நிற்கக்கூடிய மாதிரி இடம் எடுத்து, வெள்ளை ரைல்ஸ் பதிக்கச் சொல்லி சேஷாத்ரியிடம் வேலையைக் கொடுத்தார்கள். சேஷாத்ரி சென்னைக்காரர். லைசென்ஸ் அவருடையது, வேன் அவருடையது, முழங்கால் மட்டும் லதீஸுடையது.

மரத் தரையில் ரைல்ஸ் பதிப்பது இரண்டு குணக்காரருக்குக் கல்யாணம் செய்து வைப்பது மாதிரி. மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். ரைல்ஸ் ஒரு மயிரிழைகூட விட்டுக்கொடுக்காது. அதனால் முதலில் பலகையைக் கழற்றி, அடியில் தரையைத் தாங்கும் குறுக்கு மரங்கள் உறுதியா என்று பார்க்க வேண்டும். ஆடுகிற பலகையைத் திருகாணி போட்டு இறுக்கி, அதன்மேல் சிமெந்துத் தகடு ஒட்டி, தண்ணீர் வடிகால் ஓட்டைப் பக்கம் ஓடச் சரிவு எடுத்து, தண்ணீர் இறங்காத பூச்சு இரண்டு தரம் பூசி, அதற்குப் பிறகுதான் ரைல்ஸ். மேலே தெரிவது கடைசி வேலை. முக்கியமான வேலையெல்லாம் யாரும் பார்க்காத இடத்தில் நடக்கும். களவு செய்கிறவனுக்கு இதைவிட வசதியான தொழில் கிடையாது.

லதீஸ் நடுத்தரையில் ஒரு சதுரம் வெட்டிப் பலகையைத் தூக்கினான். பூஞ்சண மணம் மூக்கில் அடித்தது. குறுக்கு மரங்கள் மூன்று கறுத்துப்போய்க் கிடந்தன. திருகாணி முடுக்கும் திருப்புளியை எடுத்து ஒன்றில் குத்தினான். அவித்த மரவள்ளிக்கிழங்கில் கத்தி இறங்குவதுபோல, பிடிவரைக்கும் இறங்கியது. வீடு சரிவில் கட்டியது. முன்வாசலில் தரை மண்ணோடு ஒட்டியிருந்தாலும், பின்பக்கம் பாத்ரூமுக்கு அடியில் ஒரு ஆளுயரத்துக்கு மேலே வெறும் வெளி. அங்கே தேவராஜா பழைய செங்கல்லையும் இரும்புக் கம்பியையும் அடுக்கி வைத்திருந்தார்.

எப்படி உக்கியது என்பதும் அவனுக்கு உடனே விளங்கிவிட்டது. கண்ணாடி அடைப்புக்குள் ஷவரில் குளிக்கிறவர்களுக்காகக் கட்டிய அறை அது. யோகாவுக்கோ ஷவரில் குளித்தால் குளித்தது போலவே இராது. நடு அறையில் வாளியை வைத்து, கோப்பையால் அள்ளி அள்ளித் தலைக்கு ஊற்றினால்தான் குளிப்பு. வெள்ளிக்கிழமைகளில் மூன்று வாளித் தண்ணீரைத் தரையில் கவிழ்த்து, தும்புத்தடியால் உரஞ்சித் தள்ளினால்தான் சுத்தம். சிமெந்துத் தரையில் நூறு வருடம் செய்யலாம். மரத் தரையில் பதின்மூன்று வருடம் செய்திருந்தாள். நம்முடைய சனத்தின் வீடுகளில் லதீஸ் இதைப் பலமுறை கண்டவன். சுத்தக்காரரின் வீட்டில்தான் தரை முதலில் உக்கும். ஆனால் இந்த அளவுக்கு அவன் கண்டது குறைவு.

சேஷாத்ரி குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்தார்.

"மரம் மாத்தணும்னா அடியில இறங்கணும். பிளம்பர் வரணும். பத்து நாள் ஆகும்," என்றார். "சனிக்கிழமை ஃபங்ஷன். ஷீட்டைப் போட்டு மூடிடு."

"அண்ணா, வீட்டுக்காரருக்கு ஒருக்காச் சொல்லுவமே?"

"சொன்னா என்ன ஆகும்? ஃபங்ஷன் நிக்கும். அந்தம்மா அழும். நம்மளத்தான் திட்டுவாங்க. முடிஞ்சப்புறம் ஒரு மாசத்துல வந்து அடியில முட்டுக் குடுத்துடலாம். இதென்ன, நாம முன்னாடி பண்ணாததா?"

சேஷாத்ரி வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, "உன் விசாவுக்கு லாயர் கேட்ட லெட்டர் இருக்குல்ல, எங்கிட்ட எத்தனை வருஷமா வேலை செய்யறன்னு? வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன்," என்றார். மிரட்டல் போலச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் லதீஸுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மத்தியானம் யோகா குசினியில் கதிரை இழுத்துப் போட்டு அவனுக்குச் சோறு வைத்தாள். மரக்கறிதான். சடங்கு முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் இல்லை. "வெக்கப்படாமல் சாப்பிடுங்கோ தம்பி. கடைச் சாப்பாடு சாப்பிட்டு வயித்தைப் பழுதாக்காதேங்கோ," என்றாள். சேஷாத்ரி வேறு வேலைக்குப் போய்விட்டார். வினுஷா பள்ளிக்கூட லீவில் வீட்டிலிருந்தாள். உயரமான, மெலிந்த பிள்ளை. தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். தான் எங்கே நிற்க வேண்டும், மாமா எந்தப் பக்கம் நிற்பார் என்று தாயோடு விவாதித்துக்கொண்டிருந்தாள். அவள் நிற்கப் போகும் இடம், லதீஸ் திருப்புளி குத்திய அதே இடம். அவன் சோறு முழுவதையும் சாப்பிட்டான். மிச்சம் வைத்தால் ஏன் என்று கேட்பாள்.

அன்று பின்னேரம் தேவராஜா வேலையால் வந்தார். ரெயில்வேயில் வேலை, அமைதியான மனிதர். பாத்ரூம் வாசலில் நின்று, வெட்டிய சதுரத்தின்மேல் லதீஸ் போட்டு வைத்திருந்த பழைய பலகையைப் பார்த்தார்.

"தம்பி, பழைய வீடு. கீழை மரமெல்லாம் ஓகேயோ?"

இதுவரைக்கும் தன்னை யாரும் கேட்கவில்லை என்று லதீஸ் தன் மனதுக்குச் சொல்லி ஆறியிருந்தான். இப்போது கேட்டுவிட்டார். அதுவும் நேராக, ஒரு சொல்லும் தவறாமல்.

"ஓம் அண்ணை. ஓகே," என்றான் லதீஸ்.

அந்தப் பதிலோடு அவன் வெறும் கூலிக்காரன் என்ற நிலை போய்விட்டது. அதற்குப் பிறகு நடக்கிறதெல்லாம் அவன் தலையில். அது அவனுக்கும் தெரியும்.

செவ்வாயன்று பலகையைப் பொருத்தி, தகடுகளை ஒட்டி, சாணுக்கு ஒன்றாகத் திருகாணி இறக்கினான். நல்ல மரத்தில் திருகாணி இறங்கும்போது கடைசியில் முனகும். நடுத் தரையில் அது சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒன்றுக்குப் பக்கத்தில் இரண்டு போட்டான். இரண்டுக்குப் பக்கத்தில் மூன்று போட்டான். பிடிக்கிறதற்கு அங்கே ஒன்றும் இல்லை. முடித்துவிட்டுக் காலுறையோடு நடுவில் நின்று குதிகாலால் குத்திப் பார்த்தான். குத்து திரும்பி வந்தது. கெட்ட மரத்தின்மேல் கிடந்த புதுத் தகடு நல்ல மரம் மாதிரியே பதில் சொன்னது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை அவன் அவ்வளவு திறமாகச் செய்திருந்தான். தன் கைத்திறனை நினைத்து அவன் முதல்முறையாக வெட்கப்பட்டான்.

புதன் பூச்சு. வியாழன் ரைல்ஸ். மூலையில் இருந்த ஓட்டைக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் வந்து சேரும்படி ஒழுங்காகச் சரிவு எடுத்தான். அதில் மட்டும் பொய் இல்லை. வெள்ளிக்கிழமை இடுக்குகளுக்குச் சாந்து அடைத்து, சுவரும் தரையும் சேரும் ஓரத்துக்கு வெள்ளைப் பசை இழுத்துத் துடைத்தபோது, அறை ஆஸ்பத்திரிபோல வெள்ளையாக மின்னியது. யோகா கையைக் கோத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்கு நீங்கள் கட்டாயம் வரவேணும் தம்பி. தண்ணி வார்க்கிறதுக்கே வந்திடுங்கோ, பிறகு மண்டபத்துக்கு எங்களோடை வரலாம்."

வரமாட்டேன் என்றுதான் லதீஸ் நினைத்தான். சேஷாத்ரி கொடுத்த கடிதம் கையில் இருந்தது, எழுத்துப் பிழைகூட இல்லாமல். ஹோம்புஷ் அறையில் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டான். பிள்ளை, மாமன், மாமி, தாய், தகப்பன், ஆலாத்தித் தட்டோடு மூன்று பெண்கள், வீடியோக்காரர், படக்காரர். பத்துப் பேர். நிறைகுடம் ஏழு. தேங்காய் உடைக்க ஒரு கருங்கல் வேறு. புது ரைல்ஸ் வெடிக்கக்கூடாது என்று தேவராஜா வளவிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து வைத்திருந்தார். ஒன்றும் நடக்காது என்று ஒரு மனம் சொன்னது. தொட்டி நிறையத் தண்ணியோடு ஆளும் இருந்த தரைதானே, தாங்காதா? தொட்டி சுவர் ஓரத்தில் இருந்தது, இவர்கள் நடுவில் நிற்கப்போகிறார்கள் என்று மற்ற மனம் சொன்னது. விடியும்போது அவன் எழும்பி அயன்பெட்டியால் சேர்ட்டை மினுக்கினான். போகாமல் இருந்து கேள்விப்படுவதைவிடப் போய் நிற்பது மேல் என்று அவனுக்குப் பட்டது.

சனிக்கிழமை வீடு நிறைய ஆட்கள். பாத்ரூமுக்குப் போகும் ஒடுக்கமான நடையில் பெண்கள் நெருக்கியடித்து நின்றார்கள். லதீஸ் கதவு நிலையோடு ஒட்டி நின்றான். உள்ளே வினுஷா சீலை சுற்றி, தலையை மூடி, நடுவில் நின்றாள். அனோஜன் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். நல்ல உடம்புக்காரர்.

"இன்னும் ரெண்டு பேர் உள்ளுக்கு வாங்கோ, படம் வெறுமையா இருக்கு," என்றார் படக்காரர். இன்னும் இரண்டு பேர் போனார்கள்.

அனோஜன் தேங்காயை ஓங்கிக் கல்லில் அடித்தார். இரண்டு பாதியாகப் பிளந்தது. எல்லாரும் சிரித்தார்கள், நல்ல சகுனம். அடித்த அடி நடையில் நின்ற லதீஸின் முழங்காலுக்கு வந்து சேர்ந்தது. பால் வைத்தார்கள், அறுகு வைத்தார்கள். முதல் குடத்தை மாமன் தூக்கி வார்த்தார். தண்ணீர் பிள்ளையின் தோளால் வழிந்து, ரைல்ஸில் விழுந்து, அவன் எடுத்துவிட்ட சரிவில் பிசகாமல் மூலை ஓட்டைக்கு ஓடியது. இரண்டாவது குடமும் அப்படித்தான். லதீஸ் மூச்சு விட்டான்.

மூன்றாவது குடத்துத் தண்ணீர் ஓட்டைக்குப் போகவில்லை.

கொஞ்சத் தூரம் போனது, தயங்கியது, திரும்பி வந்தது. வினுஷாவின் பாதங்களைச் சுற்றி ஒரு சின்னக் குளமாகத் தேங்கி நின்றது. அறையில் பன்னிரண்டு பேர் இருந்தும் அதை யாரும் காணவில்லை. காண வேண்டியவன் லதீஸ் ஒருவன்தான். தண்ணீருக்குப் பொய் சொல்லத் தெரியாது. தரை நடுவில் இறங்கத் தொடங்கிவிட்டது. அவன் சுவர் ஓரத்தைப் பார்த்தான். நேற்று இழுத்த வெள்ளைப் பசை சுவரை விட்டு நகக்கண் அளவுக்குக் கழன்றிருந்தது. மாமி நாலாவது குடத்தைத் தூக்கக் குனிந்தாள்.

"எல்லாரும் வெளியாலை வாங்கோ!"

அவனுடைய குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

"ஆரப்பா இவர்?" என்றார் அனோஜன்.

"தரை கீழை உக்கிப்போய்க் கிடக்கு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் மூடினனான். ஒவ்வொருத்தரா வாங்கோ, ஓடாதேங்கோ."

ஒருவரும் அசையவில்லை. ஒரு மனிதன் சொல்வதை நம்புவதற்கு அவர்களுக்கு நேரம் வேண்டும், தரையோ நேரம் தரப்போவதில்லை. "ஒரு நிமிசம், இந்தக் குடத்தை முடிச்சிட்டு," என்றார் வீடியோக்காரர். முதலில் அசைந்தது வினுஷாதான். பால் வழிந்த தலையோடு ஒரு அடி வைத்தாள்.

"பிள்ளை, அசையாதை! ஏழு குடமும் முடிய வேணும்!" என்று கத்தினாள் யோகா.

"அம்மா, he said get out," என்று சொல்லிக்கொண்டு வினுஷா ஈரச் சீலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, லதீஸைத் தாண்டி நடைக்கு வந்தாள். பிள்ளை போன பிறகு மற்றவர்களுக்கு அங்கே நிற்கக் காரணம் இல்லை. ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கடைசியாக அனோஜன் வந்தார். அவர் வாசலைத் தாண்டிய பிறகு உள்ளே பார்த்தார்கள். வெள்ளைத் தரை, அதன் நடுவில் குளம், கருங்கல், பிளந்த தேங்காய், ஏழு குடங்கள். ஒன்றும் விழவில்லை. ஒரு ரைல்கூட வெடிக்கவில்லை.

"விசர் பிடிச்சவன்," என்றது நடையிலிருந்து ஒரு பெண்குரல். "நல்ல காரியத்திலை வந்து வாயை வைச்சிட்டான்."

தேவராஜா டோர்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கத்தால் இறங்கி வீட்டுக்கு அடியில் போனார். திரும்பி வர ஐந்து நிமிடம் எடுத்தது. பட்டு வேட்டியில் மண். வலது கையில் ஈரமான கறுத்த மரத்தூள், பிழிந்தால் தண்ணீர் வரும்போல. அதை அனோஜனுக்குக் காட்டினார், யோகாவுக்குக் காட்டினார். லதீஸுக்குக் காட்டவில்லை. அவனுக்குக் காட்டி என்ன?

"ஒரு மரம் நடுவாலை முறிஞ்சு தொங்குது," என்றார்.

அதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. மிச்ச நாலு குடத்துக்கும் குசினிப் பாத்திரங்களில் தண்ணீர் நிரப்பி, உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே, பின்வளவுப் புல்லில் வைத்து வினுஷாவுக்கு வார்த்தார்கள். பிள்ளை பல்லுக் கிட்டி நடுங்கினாள். ஆனால் அழவில்லை. தேவராஜா முன்வாசலில் நின்று சேஷாத்ரிக்குப் போன் அடித்தார், எல்லாருக்கும் கேட்கும்படி போட்டார்.

"சார், எனக்குத் தெரியவே தெரியாது சார். தரையப் பார்த்தது லதீஸ்தான். ஓகேன்னுதான் எங்கிட்ட சொன்னான். அவன் இப்படிப் பண்ணுவான்னு..."

தேவராஜா அதைக் கேட்டு முடிக்காமலே அழைப்பை வெட்டினார். முன்படியில் இருந்த லதீஸை அவர் பார்த்த பார்வையில் கோபத்தைவிட அருவருப்பு அதிகம். "நான் உன்னைக் கேட்டனான்," என்றார். "என்ர வாயாலை கேட்டனான்." முதல்முறையாக நீ என்றார். பொலிஸுக்கு அடிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனார்.

லதீஸ் படியிலேயே இருந்தான். பயம் இல்லை என்று சொன்னால் பொய். விசாக்காரனுக்குப் பொலிஸ் என்ற சொல்லே போதும். வில்லாவுட்டின் வேலி நார்த்மீட்டிலிருந்து தூரமில்லை. ஒரு சிக்கல் பதிவானால் திரும்பவும் உள்ளே போய், அங்கிருந்து விமானம் ஏறினவர்களை அவனுக்குத் தெரியும்.

யோகா வெளியே வந்தாள். நகையும் பட்டும் நனைந்திருந்தன.

"தம்பி, இவர் போனிலை நிக்கிறார். உங்கட விசாவும் தெரியும், நிலைமையும் தெரியும். இப்பவே போயிடுங்கோ. உங்கட வீட்டு விலாசம் தெரியாதெண்டு நான் சொல்லுறன்." அவளுடைய குரலில் இரக்கமும் இருந்தது, வெறுப்பும் இருந்தது. "உங்களை நான் மன்னிக்கேல்லை. பிள்ளைக்காகச் சொல்லுறன். அவள்தான் உங்களை அனுப்பிவிடச் சொன்னவள்."

"நான் போகேல்லை அக்கா."

"ஏன்?"

"இதுக்கு முதல் இன்னும் ரெண்டு வீடு இதே மாதிரி மூடினனாங்கள். சேஷாத்ரி அண்ணா வாய் திறக்க மாட்டார். நானும் போனா, எந்த வீடெண்டு சொல்ல ஆளில்லை."

பின்வளவிலிருந்து பெண்களின் குரல் வந்தது, ஏழாவது குடம் முடிந்துவிட்டது போல. யோகா ஈரச் சீலையோடு படியில் குந்தி, கைபேசியை எடுத்து, எழுதுவதற்குத் திறந்தாள்.

"முதலாவது எங்கை?" என்று கேட்டாள்.

லதீஸ் தெருப் பெயரையும் இலக்கத்தையும் சொன்னான். அந்த வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருப்பதையும் சொன்னான்.